மலைநாட்டுக் கூட்டுத் திருமணமும் நம் சமுதாயமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் திருமணத்தைப் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியர் வந்து நிற்கிறாரே என்று சிலர் வியக்கலாம். பள்ளிப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருப்பவர் வியக்கமாட்டார். நம் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே 'இடைநின்றவர்' என்று எழுத நேர்ந்தபோதெல்லாம் காரணத்தை விசாரித்திருக்கிறோம். அறிவுக் குறைவால் நின்ற பிள்ளைகள் மிகச் சிலரே. அக்காளின் கல்யாணக் கடன், அத்தையின் சீர்வரிசைக் கடன், அண்ணனின் பந்தல் செலவு என்று கடனால் நின்றவர்களே பலர். ஆகவே பள்ளியின் வாசலைப் பற்றிப் பேசுபவர் பந்தலின் வாசலைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும்.

இச்சிந்தனையை நம்முள் மீண்டும் கிளறியவர் நம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர். அவரும் அவர்தம் துணைவியாரும் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சோட்டாநாக்பூர் மலைநாட்டில் மிஷனெரிகளாகப் பணிபுரிகின்றனர். அவர் ஆசிரியர், அம்மையார் செவிலியர். கோடை விடுமுறையில் பாவூர்சத்திரம் வந்திருந்தபோது நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, தாம் விருந்தினராகச் சென்றிருந்த ஒரு திருமணத்தை விவரித்தார்.

கும்லா மாவட்டத்தில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சால மரக் காட்டினூடே பல கல் தொலைவு நடந்து சேரவேண்டிய மலைச் சிற்றூர் அது. நெல் அறுவடை முடிந்த குளிர்காலம். ஒரே பந்தலின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட இணைகள் மணக்கோலத்தில் அமர்ந்திருந்தனர். ஒருபுறம் சர்ணா என்னும் ஆதி வழிபாட்டைப் பின்பற்றுவோர்க்கு ஊர்ப் பூசாரியாகிய பாஹன் சடங்கு செய்தார். மறுபுறம் கிறித்தவ இணைகளுக்குப் பாதிரியார் மண உறுதிமொழி சொல்லிக் கொடுத்தார். இந்து முறைப்படி மணந்தோரும் இருந்தனர். மத்தளம் முழங்கியது. நம் மாணவரும் அம்மையாரும் எவர்க்கும் சடங்கு செய்யச் செல்லவில்லை. உணவு பரிமாறவும், பெயர்களைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவுமே சென்றிருந்தனர்.

அவர்களை வியப்பில் ஆழ்த்தியது மணமக்களின் வயது. மணப்பெண் ஒருத்தியின் மடியில் பால்குடிக் குழந்தை. மற்றொரு மணமகனுக்குத் தலை முழுவதும் நரை. தந்தை ஒரு மணையிலும் அவர் மகன் அடுத்த மணையிலும் அமர்ந்து, ஒரே நாளில் இருவரும் மணமகன்களாயினர். பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியின் கல்யாணத்தைக் கைகொட்டிப் பார்த்தனர்.

இதனைக் கேட்டு நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு முன் காரணத்தை அறிதல் நன்று.

அம்மலைநாட்டில் ஒராவோன், முண்டா, ஹோ முதலிய பழங்குடியினரிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. திருமணம் என்றால் ஊர் முழுமைக்கும் விருந்து வைக்கவேண்டும். அரிசியும் இறைச்சியும் அரிசி மதுவும் ஊரார் அனைவர்க்கும் போதுமான அளவு தந்தால்தான் அது திருமணம் என்று ஏற்கப்படும். கூலிக்குச் செல்லும் ஏழை இளைஞன் இச்செலவை எங்கனம் தாங்குவான்? ஆகவே மனமொத்த இருவரும் விருந்தின்றி, சடங்கின்றி ஒரு வீட்டில் வாழத் தொடங்குவர். இதற்கு 'டுக்கு' என்று பெயர். 'நுழைதல்' என்பது அதன் பொருள். அவ்வாறு வீட்டினுள் நுழைந்த பெண்ணை 'டுக்னி' என்பர். மனைவி என்று சொல்லார்.

'பிறகு பணம் சேர்ந்ததும் விருந்து வைத்துக்கொள்ளலாம்' என்பதே அவர்கள் எண்ணம். பணம் சேர்வதில்லை. குழந்தைகள் பிறக்கின்றன, ஆண்டுகள் செல்கின்றன. அப்பெண் நெற்றியில் குங்குமம் இட்டுக்கொள்ள இயலாது. பொது விழாக்களில் பிற பெண்களுக்குச் சமமாக நிற்க இயலாது. குழந்தையின் காது குத்தும் சடங்கைச் செய்ய ஊர் இசையாது. கணவன் இறந்தால் நிலத்தில் உரிமை கேட்க அவளுக்கு வாய் இராது. பெற்றோர் முறைப்படி மணந்தாலன்றி மகனுக்கும் மகளுக்கும் மணம் இல்லை என்ற தடையும் உண்டு. தந்தையும் மகனும் ஒரே பந்தலில் மணக்க நேர்ந்தது இதனால்தான். எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. அப்பெண் இறந்தால் ஊரின் பொது இடுகாட்டில் அவளுக்கு இடமில்லை.

2016ஆம் ஆண்டு முதல் ராஞ்சியைச் சார்ந்த 'நிமித்த' என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய இணைகளைத் திரட்டிக் கூட்டுத் திருமணங்கள் நடத்தி வருகிறது. 2019 சனவரியில் கும்லா மாவட்டத்தில் 132 இணைகளுக்கு ஒரே நாளில் மணம் நிகழ்ந்த செய்தி நாடெங்கும் வெளிவந்தது. ஊர் முழுமைக்கும் ஒரே விருந்து. அவ்விருந்தால் அத்தனை குடும்பங்களின் கடமையும் ஒருங்கே நிறைவேறிவிடுகிறது. ஊராரும் உண்டு மகிழ்ந்து, 'இனி இவர்கள் கணவன் மனைவியர்' என்று ஒப்புக்கொள்கின்றனர்.

நம் மாணவர் சென்றிருந்த திருமணத்திற்கு மீள்வோம். சடங்கு முடிந்தபின் முதிய மணமகள் ஒருத்தி அம்மையாரின் அருகே வந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டாளாம். புதுப்புடவையைப் பற்றியோ, பரிசுப் பொருளைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. "தாயே, இனி என்னை அவருக்குப் பக்கத்தில் புதைப்பார்கள் அல்லவா?" என்று மட்டுமே கேட்டாளாம். அம்மையார் ஊர்ப் பெரியவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். கிழவி அதன்பின்னரே உண்ண அமர்ந்தாள்.

அன்பர்களே, அவ்வினாவின் ஆழத்தை நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? சுடுகாட்டுப் பாதைக்காக மனு எழுதியவர்கள் நாம். பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு, வயல் வரப்பிலும் ஓடைச் சேற்றிலும் நடந்தவர்கள் நாம். இறந்தபின்னும் ஒரு மனிதனுக்கு ஊரில் இடமில்லை என்பதன் பொருளை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

அம்மக்கள் நமக்கு முற்றிலும் அயலவரும் அல்லர். நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கண நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் திராவிட மொழிகளாகப் பன்னிரண்டினைக் குறித்தார். அவற்றுள் ஒன்று ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி. மற்றொன்று ராஜ்மகால் மலைகளின் மால்தோ மொழி. "ஐயா, அவர்களும் 'நாம்' என்பதை 'நாம்' என்றே சொல்கிறார்கள். பல்லைப் 'பல்' என்றே சொல்கிறார்கள்" என்று நம் மாணவர் கூறியபோது மெய்சிலிர்த்தது. பேசுபவரையும் கேட்பவரையும் ஒருங்கே அணைக்கும் அந்த 'நாம்' என்னும் சொல் ஆயிரம் கல் தொலைவிலும் மாறாமல் நிற்கிறது. இன்னொன்றும் கூறினார். குருக் மொழியில் திருமணத்திற்கு 'பெஞ்சா' என்று பெயர். இறந்தோரின் எலும்புகளை முன்னோரோடு சேர்க்கும் சடங்கிற்கும் 'பெரிய திருமணம்' என்றே பெயர் வழங்கினராம். சிறிய திருமணத்தில் இடம் பெறாதவளுக்குப் பெரிய திருமணத்திலும் இடமில்லாமற் போனதோ என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

அம்மலைநாட்டிற்கு மிஷனெரிமார் சென்ற வரலாறும் நாம் அறியத்தக்கது. ஜெர்மனியிலிருந்து காஸ்னர் என்பார் அனுப்பிய நால்வர் 1845இல் ராஞ்சியை அடைந்தனர். ஐந்து ஆண்டுகள் ஒருவரும் அவர்களோடு சேரவில்லை. 1850இல் ஒராவோன் மக்கள் நால்வர் முதலில் திருமுழுக்குப் பெற்றனர். 1885இல் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் தோர்ப்பா என்னும் ஊரில் குடியேறினார். அது இன்றைய குந்தி மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள மக்களின் துன்பம் நிலத்தில் இருப்பதைக் கண்டு அவர் நிலச் சட்டத்தைப் பயின்றார். கூலியில்லா வேலைக்கும் அநியாயக் குத்தகைக்கும் எதிராக அவர்களை நீதிமன்றம் ஏறச் செய்தார். காசநோயால் நலிந்து தாய்நாடு திரும்பி 1893இல் மறைந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. அவர்பின் வந்த ஹாஃப்மன் துறவி முண்டா மக்களின் நில உரிமைகளை ஆய்ந்து கூறியவை, 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகத் துணைநின்றன. 1909இல் அவர் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். கந்துவட்டிக்காரனின் கையிலிருந்து ஏழையை மீட்பதே அதன் நோக்கம்.

இவை பெருந்தொண்டுகள். ஆனால் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. சட்டம் வந்தது, சங்கம் வந்தது, பள்ளி வந்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் விருந்தின் வாசல் ஏழைக்குத் திறக்கவில்லை. முறைப்படி மணவாதோர்க்குத் திருச்சபையும் நற்கருணை தருவதில்லை. ஊர் ஒரு கதவை அடைத்தது. கோயில் ஒரு கதவை அடைத்தது. இரண்டிற்கும் இடையே நின்றவள் அந்த 'டுக்னி'.

மிஷனெரிமார் எல்லோரும் எல்லாத் திருமணத்திற்கும் மகிழ்ந்து வந்தவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றக் காரணமானவர் மயிலாடியைச் சார்ந்த சாம்பவர் குலத்து வேதமாணிக்கம். அவர் அழைத்ததன் பேரிலேயே ரிங்கல்தௌபே 1806இல் அங்கு வந்தார். பின்னர் 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த மீட் ஐயர் பள்ளிகளும் அச்சகமும் நிறுவி அரும்பணி ஆற்றினார். அவர் 1852இல் சாம்பவர் குலத்துக் கிறித்தவர் ஒருவரின் மகளை மணந்தபோது உடன்பணியாற்றிய மிஷனெரிமாரே அதனைப் பொறுக்கவில்லை. மீட் தம் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. ஒன்றாக அமர்ந்து செபிப்பது எளிது; ஒன்றாகப் பந்தலில் அமர்வது அரிது. மனிதர் எவரையும் திருமணத்தில்தான் சோதித்தறிய முடியும்.

இனி நம் பக்கம் வருவோம்.

மலைநாட்டுப் பெண்ணுக்கு இடுகாட்டை மறுத்தது அவள் சொந்த ஊரின் வழக்கம். நமக்கு வாசல்களை அடைத்தவர் பிறர். 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். பொன் வெள்ளி அணியக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்பன அவற்றுட் சில. மறு ஆண்டு, 1931இல், அது பதினொரு தடைகளாக வளர்ந்தது. மணமகன் குதிரை மீது ஊர்வலம் வரக் கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காகக் கொள்ளவேண்டும், திருமணத்தில் மேளம் கூடாது என்றனர். அதே பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது; மாடு மேய்க்க மட்டுமே செல்லவேண்டும்.

இளைஞர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். மேளத்தையும் எழுத்தையும் ஒரே பட்டியலில் வைத்து மறுத்தார்கள். ஏன்? திருமணத்தில் தலைநிமிர்பவன் தெருவிலும் தலைநிமிர்வான். எழுதக் கற்றவன் எதிர்க்கேள்வி கேட்பான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் அஞ்சியவை இரண்டு. நாம் மீட்டவை எத்தனை?

மேளத்தை மீட்டுவிட்டோம். அதில் ஐயமில்லை. இன்று நம் தெருவில் செண்டை மேளம் முழங்குகிறது. மணமகன் குதிரையிலும் வருகிறான், அலங்கரித்த மகிழுந்திலும் வருகிறான். சாலையின் இருமருங்கும் வரவேற்புப் பதாகைகள். இதனைக் கண்டு 'ஆடம்பரம்' என்று முகம் சுளிப்பவருள் நாம் ஒருவர் அல்லர். கதவைப் பல்லக்காகச் சுமந்தவனின் கொள்ளுப்பேரன் குதிரை ஏறினால் அது வெறும் ஆடம்பரம் அன்று. வரலாற்றுக்கு அளிக்கும் மறுமொழி. முதல் தலைமுறை அந்த மறுமொழியைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆயின் எழுத்தை அதே வேகத்தில் மீட்டோமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மகளின் கல்யாணத்திற்கு ஒரு தந்தை மூன்று வட்டிக்கு 3 இலட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று கொள்வோம். மாதம் 9,000 ரூபாய் வட்டி. ஓராண்டில் 1,08,000 ரூபாய். மூன்றாண்டு முடிவில் வாங்கிய தொகையைவிட 24,000 மிகுதியாகக் கட்டியிருப்பார். அசல் ஒரு காசும் குறைந்திராது. இக்கணக்கை ஏழாம் வகுப்பு மாணவன் கரும்பலகையில் போட்டுவிடுவான். தட்டுப் பீடியைச் சுற்றிக் கொடுத்தும், சந்தையில் காய்கறி மூட்டை தூக்கியும், கேரளத்துக்குக் கட்டட வேலைக்குச் சென்றும் வட்டி கட்டும் வீட்டில் அடுத்த பிள்ளை எங்ஙனம் படிக்கும்?

நம்மிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. அவன் அக்காளின் திருமணம் தை மாதம் நடந்தது. மூன்று வகைப் பாயசம், இசைக்கச்சேரி, ஊரே மெச்சியது. நாமும் சென்று வாழ்த்தினோம், வயிறார உண்டோம். அடுத்த கல்வியாண்டில் அவனைக் காணவில்லை. வீட்டிற்குச் சென்று கேட்டோம். அவன் தாய் முற்றத்தில் பீடித் தட்டோடு அமர்ந்திருந்தார். "அவன் செங்கல் சூளைக்குப் போயிட்டான் சார். கல்யாணக் கடன் அடையணும்லா" என்றார். நாம் உண்ட பாயசம் அன்று தொண்டையில் கசந்தது. அவனுக்காக நாம் அன்று மேற்கொண்டு ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தோம் என்பதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

மலைநாட்டில் விருந்து வைக்க இயலாத ஏழை, திருமணமே இன்றி வாழ்கிறான். நம் நாட்டில் விருந்து வைக்க இயலாத ஏழை கடன் வாங்கியேனும் விருந்து வைக்கிறான். அங்கே தண்டனை அடைபவள் மனைவி. இங்கே தண்டனை அடைபவன் மணமக்களின் தம்பி, தங்கை. பிறர் அடைத்த கதவை இடித்துத் திறந்த நாம், நம் கையாலேயே மற்றொரு கதவைக் கட்டலாமா? அக்கதவு நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து வாசலில் அல்லவா நிற்கிறது?

நம் வழிகாட்டிகள் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1942 சூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள். அவர்களுக்கு மணம் முடிக்க அவசரப்படாதீர்கள். திருமணச் சுமையைத் தாங்கும் வலிமை வந்தபின் அது நிகழட்டும் என்று தாய்மாரிடமே நேராக வலியுறுத்தினார். தமிழகத்தில் 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நிகழ்ந்தது. புரோகிதரின்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே மணம் என்னும் கொள்கைக்கு 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சட்ட வடிவம் கிடைத்தது. கருநாடகத்துத் தர்மஸ்தலத்தில் 1972 முதல் ஆண்டுதோறும் கூட்டுத் திருமணங்கள் நிகழ்கின்றன. வழி இல்லாமல் இல்லை.

அரசின் போக்கிலும் ஒரு பாடம் உண்டு. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. பின்னாளில் அது தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022இல் அதே அம்மையார் பெயரிலுள்ள திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவியர் உயர்கல்வி கற்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் திட்டமாயிற்று. மணமேடைக்குச் சென்ற பணம் கல்லூரிக்குத் திரும்பியது. அரசு செய்ததை நம் வீடுகளும் செய்யலாகாதா?

ஆகவே இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, சங்கத்தின் பொறுப்பில், நம் மக்களுக்கான கூட்டுத் திருமணம் நடக்கவேண்டும்.

அது எவ்வாறு இருக்கவேண்டும் என்பதையும் கூறிவிடுகிறோம். முதலாவது, அதில் பிச்சையின் சாயல் இருத்தல் ஆகாது. மேடையில் மணமக்களை வரிசையாக நிறுத்தி, தலைவர் ஒருவர் கைக்கடிகாரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதும், 'ஏழைகளின் இலவசத் திருமணம்' என்று பதாகை கட்டுவதும் நமக்கு வேண்டா. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைச் செலுத்தட்டும். அது சிறு தொகையாயினும் தன் தொகையாக இருக்கட்டும்.

இரண்டாவது, வசதி உள்ளோர் முதலில் வரவேண்டும். அரசு அலுவலரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் தம் மக்களை அப்பந்தலில் அமர்த்தினால்தான் கூலித் தொழிலாளி கூச்சமின்றி வருவார். பெரிய வீட்டுக் கல்யாணம் தனி மண்டபத்திலும் ஏழை வீட்டுக் கல்யாணம் கூட்டுப் பந்தலிலும் நடந்தால் அது நமக்குள் நாமே வகுக்கும் புதிய சாதி.

மூன்றாவது, மேளத்தைக் கைவிட வேண்டா. குதிரையையும் கைவிட வேண்டா. பத்து வீடுகள் பத்து ஊர்வலம் நடத்தும் இடத்தில், ஒரே ஊர்வலம் பத்து மடங்கு பெருமையோடு சாலை நடுவே செல்லட்டும். முன்னோர்க்கு மறுக்கப்பட்டது ஒன்றும் குறைய வேண்டா. கடன் மட்டும் குறையட்டும்.

நான்காவது, மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருத்தல் வேண்டும். பெண் தொடங்கிய படிப்பை முடித்திருத்தல் வேண்டும். வரதட்சணை கேட்கும் வீட்டிற்கு இப்பந்தலில் இடமில்லை.

ஐந்தாவது, திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எம்மதத்தவர் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்படவேண்டும். பந்தலிலேயே படிவம் நிரப்பி, சான்றுகளை இணைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ப்பிக்கச் சங்கத்தின் இளைஞர்கள் துணைநிற்கவேண்டும். பதிவு இல்லாததால் விதவைப் பெண்கள் கணவனின் சேமநிதிக்கும் ஓய்வூதியத்திற்கும் அலுவலகம் அலுவலகமாக அலைவதை நாம் கண்டிருக்கிறோம். உச்சநீதிமன்றம் 1978இலேயே, நெடுங்காலம் கணவன் மனைவியராக வாழ்ந்தோரை மணமானவர் என்றே கருதவேண்டும் எனத் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் நீதிமன்றம் ஏற வலிமையற்றவளுக்கு அத்தீர்ப்பு எட்டாத கனி. ஒரு தாள் கையிலிருந்தால் அவள் வழக்கின்றியே உரிமை பெறுவாள்.

ஆறாவது, மீதமான பணம். இதுவே தலையாயது. தனித் திருமணத்திற்கு ஆகக்கூடிய செலவில் மிஞ்சியதில் ஒரு பங்கை, அவ்வீட்டில் படிக்கும் அடுத்த பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்தில் இட்டுவைக்கவேண்டும். மொய்யும் சுருளும் அக்கணக்கிலேயே சேரட்டும். தாலி கட்டிய அன்றே தம்பியின் கல்லூரிக்கு முதல் பணம் சேர்ந்ததென்றால், அத்தாலிக்கு அதைவிடச் சிறந்த மங்கலம் வேறென்ன?

'ஊர் என்ன சொல்லும்?' என்று தாய்மார் தயங்கலாம். நியாயமே. ஒரே மகளின் கல்யாணத்தைத் தனியாகக் கண்குளிரப் பார்க்க விரும்பும் தாயின் ஆசையை எள்ளி நகையாட நாம் முன்வரோம். ஆனால் தாய்மாரே, ஊர் ஒருநாள் உண்டு, ஒருநாள் பேசி, மறுநாள் மறந்துவிடும். வட்டிக்காரன் மறப்பதில்லை. மேலும் 'ஊர்' என்பவர் யார்? இப்பந்தலில் அமர்ந்திருக்கும் நாம்தாமே! மலைநாட்டில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருமுறை தலையசைத்ததும் ஒரு பெண்ணின் ஆயுட்கால இழிவு நீங்கியது. கூடியிருந்து கட்டிய வழக்கத்தைக் கூடியிருந்துதான் அவிழ்க்க முடியும். தனி ஒருவர் சிக்கனமாகக் கல்யாணம் செய்தால் 'கையில் இல்லாதவன்' என்பர். நூறு குடும்பங்கள் சேர்ந்து செய்தால் அதுவே வழக்கம் ஆகிவிடும்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் கொடுத்து உதவியிருக்கிறது. பாத்திரத்தில் நீர் ஊற்றினால் மட்டும் போதாது, ஓட்டையையும் அடைக்கவேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் கல்யாணக் கடனால் ஒரு பிள்ளையும் இடைநின்றது என்று எந்தத் தலைமையாசிரியரும் எழுத நேராதிருக்குமானால், பொன்விழா மலர் இதனினும் ஒளியுடையதாக அமையும்.

அந்த மலைநாட்டுக் கிழவியை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். வாழ்நாள் முழுதும் உழைத்து, பிள்ளை பெற்று, பேரன் கண்டபின், தன் கணவனருகே ஆறடி நிலம் கிடைக்குமா என்று ஏங்கியவள் அவள். ஊர் சேர்ந்து ஒரு நாள் வைத்த விருந்து அவளுக்கு அதனைக் கொடுத்தது. நம் பிள்ளைகள் ஏங்குவது அவ்வளவு பெரிதன்று. வகுப்பறையில் ஓர் இருக்கை. அதனை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் அரசரும் அல்லர், மிஷனெரிமாரும் அல்லர். குருக் மொழியிலும் தமிழிலும் ஒன்றேபோல் ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு உரியவர்களே அவர்கள்.

நாம்.